கடக்கரை ஒறம்பரை வருது: கோபி பக்கம் எங்க கூட்டிட்டுப் போய்ச் சோறு போடலாம்?

தடப்பள்ளி | வியாழன் இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் பொறந்து வளந்தது கோபிச்செட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்காலோரம். கட்டிக்குடுத்தது தூத்துக்குடி பக்கத்துல ஒரு கடக்கரை ஊர்ல. வீட்டுக்காரருக்கு வேலை திருப்பூர்லங்கறதால இங்கயே இருக்கறோம்.

வைகாசியில என்ற தம்பிக்குக் கல்யாணம். அதுக்கு என்ற மாமனாரும் மாமியாரும் வர்றாங்க. கல்யாணம் முடிஞ்சு மூணு நாளு தங்கறதாச் சொல்லியிருக்காங்க. ஆறு வருசத்துல இப்பத்தான் எங்க ஊர்ல தங்கப் போறாங்க. மாமா முப்பது வருசம் நாட்டுப்படகுல கடலுக்குப் போனவரு. மீனைப் பாத்ததும் எப்பப் புடிச்சதுன்னு சொல்லிருவாரு. அத்தைக்கு மூட்டுவலி, படி எச்சா ஏற முடியாது. கூட எங்க ரெண்டு குழந்தைக.

ரெண்டு வருசம் முன்னால ஒருக்கா திருப்பூர் வந்தப்ப, பைபாஸ் ரோட்டுல ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனோம். பேரு வேண்டாமுங்க. செவப்புக் கலரு போட்ட மீன் வறுவல் வந்துச்சு. மாமா ஒரு வாய் எடுத்து வெச்சாரு. அப்புறம் இலையை மடிச்சுட்டு, "வயிறு நெறஞ்சிட்டும்மா"ன்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. அது இன்னைக்கும் எனக்கு மனசுல குத்திட்டே இருக்குது.

இந்தத் தடவை நம்மூரைக் கண்ணுக்கும் காட்டணும், வாய்க்கும் காட்டணும். தண்ணி, பச்சை, காத்து எல்லாம் இருக்கற எடமா, சோறும் நல்லாயிருக்கற எடமாச் சொல்லுங்க. கோபியில இருந்து காலைல கிளம்பிப் பொழுதோட திரும்பற தூரமா இருந்தா நல்லது.


ஆழியார்காத்து | வியாழன் இரவு 9:48

யோசிக்கவே வேண்டாங்க. ஆழியாறு. பொள்ளாச்சியில இருந்து வால்பாறை ரோட்டுல 24 கிலோமீட்டர். ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, புளியமரம், எதிர்ல ஆனைமலை. அணைக்கிட்டப் போனதும் மீன் கடைக வரிசையா இருக்கும். மசால் தடவுன மீனைத் தட்டத்துல வெச்சிருப்பாங்க. இது வேணும்னு கைகாட்டுனா கண்ணு முன்னால தோசைக்கல்லுல போட்டுத் தருவாங்க.

எங்கப்பா பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்கால்ல வேலை பாத்தவரு. சின்ன வயசுல மாசம் ஒருக்கா என்னைச் சைக்கிள்ல ஒக்கார வெச்சு அங்க கூட்டிட்டுப் போவாரு. ஒரு பொட்டலம் மீன் வாங்கி, அணையைப் பாத்துட்டு ரெண்டு பேரும் உண்போம். கடலுக்குப் போனவர்ன்னு சொல்றீங்க, அவருக்கு எங்க தண்ணியில பொறந்த மீன் எப்படி இருக்குதுன்னு காட்டறதுதான் மரியாதை. அந்தப்பக்கம் போனா உடுமலை அமராவதி அணையும் இருக்குது. அங்க ஜிலேபி மீனு பேர் போனது. குழந்தைகளுக்கு முதலைப் பண்ணை காட்டலாம்.


மஞ்சக்காடு | வியாழன் இரவு 10:25

தம்பி சொல்றது நல்ல எடந்தான், மறுக்கல. ஆனா கோபியில இருந்து திருப்பூர் வழியாப் பொள்ளாச்சி போய் ஆழியாறு சேர்றதுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல ஆகுது. மூட்டுவலிக்காரங்களை அத்தனை நேரம் கார்ல ஒக்கார வெக்கறது வேண்டாம் கண்ணு.

இன்னொண்ணு. கடல்ல மீன் புடிச்சவருக்கு மீனையே குடுக்கணுமா? ஊத்துக்குளிக்காரங்க வீட்டுக்கு வெண்ணெய் வாங்கிட்டுப் போவமா? நம்ம மண்ணுல வெளையறதைப் போடோணும். நாட்டுக்கோழி, கொள்ளு, தட்டப்பயிறு, கம்பஞ்சோறு, சந்தகை, கச்சாயம். இதெல்லாம் அவங்க ஊர்ல இந்தப் பக்குவத்துல கிடைக்காது. தண்ணி கண்ணுக்கு இருக்கட்டும், வாய்க்குக் காட்டுல வெளைஞ்சது இருக்கட்டும்.

கொடிவேரி அணை உங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்க தண்ணி வாத்துக் குளிச்சுட்டு, மத்தியானச் சோத்துக்கு ஒரு நல்ல மெஸ்ஸாப் பாத்துப் போங்க.


உப்புக்காத்து | வெள்ளி காலை 6:55

நான் நாகப்பட்டினம் பக்கம். கோயம்புத்தூர்ல பதினோரு வருஷமா இருக்கேன். கடற்கரைக்காரன்ங்கற முறையில ஒண்ணு சொல்லணும்.

நீங்க சொல்ற வைகாசி எங்களுக்குத் தடைக்காலம். கிழக்குக் கரையில ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு போகும்னாலும் கரையில மீன் கம்மி, விலை ஜாஸ்தி. அந்த மாசத்துல எங்க வீட்டுல கருவாட்டுலதான் ஓட்டுவாங்க. அதனால உங்க மாமனாருக்கு மீன் மேல ஆசை இல்லாம இருக்காது. ஆத்து மீனைச் சாப்பிட்டுப் பாக்கற ஆர்வமும் இருக்கும். எங்கப்பா முதமுறையா இங்க வந்தப்ப உக்கடம் மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி, கட்லாவைத் தூக்கித் தூக்கிப் பாத்தாரு.

சிக்கல் எங்கன்னா முள்ளு. நாங்க சாப்பிடற வஞ்சிரம், பாறை, ஊளி எல்லாத்துலயும் நடுமுள்ளை எடுத்துட்டா கிட்டத்தட்ட முடிஞ்சது. கட்லா, ரோகு, மிருகால் அப்படி இல்ல. சதைக்குள்ள கவட்டை மாதிரி சின்னச் சின்ன முள்ளு ஒளிஞ்சிருக்கும். கடல் மீன் சாப்பிட்டுப் பழகுனவங்க வேகமா வாயில போடுவாங்க, தொண்டையில மாட்டிக்கும். எங்கம்மாவுக்கு அப்படி ஆகி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாப் போச்சு. அவங்களுக்கும் குழந்தைகளுக்கும் ஜிலேபியோ வாளையோ வாங்குங்க. விரால் கிடைச்சா விடாதீங்க. அதுல இந்தச் சதைமுள்ளுத் தொல்லை கிடையாது.

அப்புறம் மண்வாசனை. எங்காளுங்க மூக்கு அதை ஒடனே கண்டுபிடிச்சிரும். கல்லுப்புப் போட்டு ஒரசிக் கழுவி, மஞ்சளும் எலுமிச்சையும் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவெச்ச மீன்ல அது நிக்காது. காலைல மசாலா தடவி வெயில்ல வெச்சதுல கண்டிப்பா இருக்கும்.


ஆழியார்காத்து | வெள்ளி காலை 7:40

உப்புக்காத்து அண்ணா, முள்ளு விசயம் சரியாச் சொன்னீங்க. எங்களுக்குப் பழகிப்போனதால நெனப்பே வர்றதில்ல. கடையில ஜிலேபின்னு கேட்டே வாங்கலாம், அணைகள்ல அது தாராளமா இருக்குது. ஆழியாறு, அமராவதி, பவானிசாகர் எல்லாத்துலயும் மீன் வளர்ச்சிக் கழகம் மீன் புடிக்குது. கழகத்து விற்பனை எங்க நடக்குதுன்னு கேட்டு, காலைல நேராப் போனா அன்னன்னைக்குப் புடிச்சதை வாங்கலாம்.


மேட்டூர்பதினாறுகண் | வெள்ளி காலை 8:15

கோபியில இருந்து கிழக்கே வர்றதா இருந்தா எங்க பக்கமும் இருக்குது. பவானி, அம்மாபேட்டை வழியா நெரிஞ்சிப்பேட்டை. அங்கிருந்து படகுல காவேரியைக் கடந்தா பூலாம்பட்டி. கதவணையில தேங்கி நிக்கற தண்ணி ஏரி மாதிரி அகலமா இருக்கும், ரெண்டு கரையிலயும் மலை. படகுல வந்து கரையில எறங்குனா மீன் கடை. கடலுக்குப் போனவரு படகுல ஏறுனா மொகத்தைப் பாருங்க.

மேட்டூர் அணை 1934-ல கட்டுனது, முழு நீர்மட்டம் 120 அடி. அணைப் பூங்காவுக்கு வெளிய மீன் பொரிக்கற கடைக நெறைய. அரஞ்சானு, கெளுத்தி, வாளை, கட்லான்னு வகை இருக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் வராதீங்க.


நொய்யல்கரை | வெள்ளி காலை 11:02

எடத்தைப் பத்திப் பேசறோம், கக்கூசைப் பத்தி யாரும் பேசல. அறுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கற பொம்பளைகளைக் கூட்டிட்டு நாள் முழுக்க வெளிய சுத்தறப்ப அதுதான் மொதக் கவலை. எங்க அம்மா வெளிய கிளம்புனாத் தண்ணியே குடிக்காம வருவாங்க, கடைசியில தலைசுத்தி ஒக்காந்துருவாங்க. சோறு உண்ணற மெஸ்ஸுல கக்கூசு இருக்குதான்னு முன்னாடியே போன்ல கேட்டுருங்க. கேக்கறதுல ஒரு வெக்கமும் இல்ல.

கொடிவேரியில படியும் பாறையும் வழுக்கும். அத்தையைத் தண்ணிக்குள்ள எறக்காதீங்க. மேல நெழல்ல ஒக்கார எடம் இருக்குது, அங்கிருந்தே அருவி மாதிரி விழறது தெரியும். பவானிசாகர்ல தண்ணி எச்சாத் தொறந்துட்டாக் குளிக்க விடமாட்டாங்க, அதையும் கிளம்பறதுக்கு முன்னால விசாரிச்சுக்கங்க.


விறகடுப்பு | வெள்ளி மதியம் 3:30

இப்பத்தான் பாத்தரம் கழுவி ஒக்காந்தேன். நான் ஒரு சின்ன மெஸ் நடத்தறவ, பதினெட்டு வருசமாச்சு. எந்த ஊருன்னு சொல்லல, விளம்பரத்துக்கு எழுதறதா யாரும் நெனைக்கக் கூடாது.

கண்ணு, நீ எங்க போனாலும் மொத நாளே போன் பண்ணிச் சொல்லீரு. அதுதான் எல்லாத்துக்கும் மேல. நாட்டுக்கோழி மெஸ்ஸுக்குப் போய் ஒக்காந்து கோழி கேட்டா, கால் மணி நேரத்துல வர்றது நாட்டுக்கோழி இல்ல. நெசமான கோழியை மஞ்சளைப் பூசி நெருப்புல வாட்டித்தான் அறுக்கோணும். அப்பத்தான் தோலுல அந்த வாசம் வரும். வெடக்கோழியா இருந்தாலே முக்கா மணி நேரம் வேகும். முத்துனதா இருந்தா ஒண்ணரை மணி ஆனாலும் கறி எலும்பை விடாது. வயசானவங்களுக்கு வெடக்கோழி வேணும்னு மொதல்லயே கேளு. அவங்களுக்கு அதைச் சாறாக் காச்சித் தரச் சொல்லு. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, கொத்தமல்லி வறுத்து அரைச்சு, கடைசியில தேங்காய். புளி வேண்டாம்.

பள்ளிபாளையம் சிக்கன்னு எல்லா ஊர்லயும் போர்டு மாட்டியிருக்காங்க. மொளகாய்த்தூளும் தக்காளியும் போட்டுப் பெரட்டிக் குடுக்கறாங்க. ஈரோட்டுக்கு எதிர்க்கரை பள்ளிபாளையம், பாலத்தைத் தாண்டுனா வந்துரும். அங்கத்துப் பக்குவம் வேற. வரமொளகாயைக் கிள்ளி வெதையை ஒதறிட்டு, தோலை மட்டும் எண்ணெயில போடோணும். சின்ன வெங்காயம் கை நெறைய. மஞ்சள், உப்பு, கறி, பல்லுப் பல்லா நறுக்குன தேங்காய். தூளே கிடையாது. கறி விடற தண்ணியிலயே வேகோணும். பாக்கறதுக்குச் செவப்பா இருக்கும், குழந்தை திங்கற காரந்தான் இருக்கும். உங்க மாமியாரு காரத்துக்குப் பயந்தா, மொளகாயை ஒதுக்கிட்டு உண்ணச் சொல்லு.

மெஸ்ஸு நல்லதான்னு எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னா, கறிக்கொழம்பைப் பாக்காத. ரசத்தைக் குடிச்சுப் பாரு. ரசத்துக்கு யாரும் காசு கேக்கறதில்ல, அதனால ஏமாத்தறவன் மொதல்ல அதுலதான் கை வெப்பான். கொள்ளு ரசத்துல கொள்ளு வேகவெச்ச தண்ணி வாசம் வந்துச்சுன்னா அந்தச் சமையல்காரியை நம்பலாம்.


தடப்பள்ளி | வெள்ளி இரவு 9:30

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. அக்கா, நீங்க எழுதுனதை எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். "நெசமாச் சமைக்கறவதான் எழுதியிருக்கா"ன்னாங்க.

ஒரு சங்கடம். மாமாவும் அத்தையும் ராத்திரி எச்சா உண்ண மாட்டாங்க. மொத நாள் ராத்திரி வீட்டுலயே அரிசியும் பருப்பும் ஆக்கி, நெய் ஊத்திப் போடலாம்னு நான் சொன்னேன். எங்கம்மா ஒத்துக்கவே இல்ல. "ஒறம்பரைக்கு அரிசியும் பருப்புமா? ஊர்ல என்ன பேசுவாங்க?"ன்னு கேக்கறாங்க. எனக்கு அதுதான் நம்மூருச் சோறுன்னு தோணுது. விடுதியில இருந்தப்ப நான் ஏங்குனது அதுக்குத்தான், பிரியாணிக்கு இல்ல. நீங்க என்ன சொல்றீங்க?


மஞ்சக்காடு | வெள்ளி இரவு 10:05

உங்கம்மா சொல்றதுல ஞாயம் இருக்குது கண்ணு, அதைத் தட்டிவிட்டுறாத. எங்க காலத்துல காட்டு வேலை முடிஞ்சு பொழுதெறங்கி வந்தவ, கொழம்பு தனியா வெக்க நேரமில்லாம ஒரே சட்டியில அரிசி, தொவரம்பருப்பு, வெங்காயம், பூண்டு, சீரகம் போட்டு எறக்குனது அது. அவசரத்துச் சோறு. ஒறம்பரை வந்தா அடிச்சுப் போடறது கோழி. அரிசியும் பருப்பும் போட்டா "உங்களுக்கு நேரம் ஒதுக்கல"ன்னு அர்த்தம். உங்கம்மாவுக்கு அந்தக் கணக்குத்தான் ஓடுது.

ஆனா மொத நாள் கோழியடிச்சுப் போட்டுட்டு, ரெண்டாம் நாளு அரிசியும் பருப்பும் போடு. அப்ப அதுக்கு அர்த்தம் மாறிரும். ஒறம்பரையா வந்தவங்க வீட்டு மனுசங்களாயிட்டாங்கன்னு ஆகும். என்ற சம்பந்தி தஞ்சாவூர்க்காரரு. மூணாவது தடவை வந்தப்பத்தான் அவருக்கு அரிசியும் பருப்பும் போட்டோம். இப்ப வர்றதுக்கு முன்னால போன் பண்ணி அதைக் கேக்கறாரு.


விறகடுப்பு | வெள்ளி இரவு 10:40

ஐயா சொன்னதுதான் சரி. கூட ஒண்ணு, அதை மெஸ்ஸுலயோ ஓட்டல்லயோ போய்க் கேக்காத சாமி. சட்டியில இருந்து எறக்கிக் கால் மணிக்குள்ள உண்ணற சோறு அது. ஆறுனா எறுகிரும். நாங்களே மெஸ்ஸுல அதைப் போடறதில்ல, வேலைக்காரங்களும் நானும் கடைசியா உண்ணற சோறு அதுதான்.


நொய்யல்கரை | சனி காலை 7:20

பெரிய ஓட்டலே வேண்டாம்னு பேச்சுப் போகுது. வயசானவங்களோட போறப்ப மேசை, காத்தாடி, கைகழுவற எடம் எல்லாம் சுத்தமா இருக்கற கடைக்கும் ஒரு தேவை இருக்குது. ஈரோட்டுல 1960-ல ஆரம்பிச்ச ஜூனியர் குப்பண்ணா இன்னைக்குப் பல ஊர்ல இருக்குது. எங்கம்மாவுக்கு அங்க போனாத்தான் நிம்மதி. பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்துல யுபிஎம் நம்ம வீட்டுச் சாப்பாடும் இருக்குது. பெரிய இலையில கறி வகையா வெச்சு, இன்னும் கொஞ்சம் உண்ணுங்கன்னு பக்கத்துல நின்னு கேப்பாங்க. முன்கூட்டியே சொல்லீட்டுப் போங்க. ஆனா எச்சா உண்ண முடியாதவங்களுக்கு அந்த இலை மலைப்பா இருக்கும்.


கடம்பூர்மலை | சனி காலை 9:00

சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் ஏறி ஆசனூர் போங்க. காத்தும் காடும் வேற எங்கயும் இப்படி இல்ல. ராகிக் களியும் கீரையும் கிடைக்கும்.


நொய்யல்கரை | சனி காலை 9:12

27 கொண்டை ஊசி வளைவு இருக்குதுங்க. புலிகள் காப்பகம், ராத்திரி வண்டிக்குத் தடை வேற. சின்னவங்களுக்குச் சரி, இவங்களுக்கு வேண்டாம்.


உப்புக்காத்து | சனி மாலை 5:45

தங்கச்சி, ஒரே ஒரு யோசனை. மீனை நீங்க தேர்ந்தெடுக்காதீங்க. கடைக்கு முன்னாடி நிறுத்தி, "மாமா, நீங்க பாத்துச் சொல்லுங்க"ன்னு அவர்கிட்ட விடுங்க. செவுளைத் தூக்கிப் பாப்பாரு, கண்ணை அழுத்திப் பாப்பாரு. வேண்டாம்னு சொன்னா வாங்காம வந்துருங்க. கடல்ல முப்பது வருஷம் இருந்த ஆளுக்கு அடுத்த ஊர்ல அந்த எடத்தைக் குடுக்கறது பெரிய விஷயம். பைபாஸ் ஓட்டல்ல அவரு இலையை மடிச்சதுக்கு மீன் மட்டும் காரணமா இருந்திருக்காது. சமைச்சு, கலர் பூசி, என்ன மீன்னே தெரியாம முன்னாடி வெச்சுட்டாங்க. எங்கப்பாவா இருந்தாலும் மடிச்சிருப்பாரு.


தடப்பள்ளி | சனி இரவு 8:50

அண்ணா, இதைப் படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. இந்தக் கோணத்துல நான் நெனச்சுப் பாக்கவே இல்ல. கண்டிப்பா அப்படியே செய்யறேன்.

இப்போதைக்கு முடிவு இதுதான். மொத நாள் காலைல கொடிவேரி, அங்க கொஞ்சம் மீன், மத்தியானம் சொல்லிவெச்ச மெஸ்ஸுல கோழி. ரெண்டாம் நாள் பவானி கூடுதுறை, திரும்பி வந்து ராத்திரி வீட்டுல அரிசியும் பருப்பும். மூணாம் நாள் படகுக்குப் பூலாம்பட்டி. ஆழியாறு தீபாவளிக்கு, நிச்சயமாங்க ஆழியார்காத்து. போயிட்டு வந்து எழுதறேன்.


தடப்பள்ளி | நாலு வாரம் கழிச்சு, திங்கள் இரவு 10:15

சொன்னபடி எழுத வந்திருக்கறேன். கொஞ்சம் நீளமா இருக்கும்.

கொடிவேரிக்குச் செவ்வாக்கிழமை போனோம், கூட்டமில்ல. அத்தையை மேல நெழல்ல ஒக்கார வெச்சோம். மாமா குழந்தைகளைப் புடிச்சுட்டுத் தண்ணியில நின்னாரு. இந்த அணை 1125-ல கொங்காள்வான் கட்டுனதாச் சொல்றாங்கன்னு சொன்னேன். கல்லை ரெண்டு தடவை கையால தடவிப் பாத்துட்டு, "இதுல இருந்தா உங்க வாய்க்கா போவுது?"ன்னு கேட்டாரு. தடப்பள்ளியும் அரக்கன்கோட்டையும் இங்கிருந்துதான் பிரியுது, ரெண்டும் சேர்ந்து 24,000 ஏக்கருக்கு மேல பாயுது, எங்கப்பாவோட வயலும் அதுல இருக்குதுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் போற வழியில வாய்க்காலைக் கண்ட எடத்துலெல்லாம் வண்டியை மெதுவா விடச் சொன்னாரு.

மீன் கடையில அண்ணன் சொன்ன மாதிரியே அவரை முன்னால விட்டேன். மொத ரெண்டு கடையைப் பாத்துட்டு நகந்துட்டாரு. மூணாவது கடையில மசால் தடவாத மீனு இருக்குதான்னு கேட்டாரு. அந்தக் கடைக்கார அக்கா ஐஸ்பெட்டியைத் தொறந்து காட்டுனாங்க. செவுளைத் தூக்கிப் பாத்து ரெண்டு ஜிலேபி எடுத்துக் குடுத்தாரு. கல்லுப்பு ஒரசற வரைக்கும் பக்கத்துலயே நின்னாரு. அந்த அக்காவும் அவரும் மீனைப் பத்தி அரைமணி நேரம் பேசுனாங்க. தூத்துக்குடிக்காரருன்னதும் காசு கம்மியா வாங்கப் பாத்தாங்க, மாமா விடல.

உண்ணுட்டு அவரு சொன்னதை அப்படியே எழுதறேன்: "மீனு நல்லாருக்கும்மா. ஆனா உப்பு மேலதான் நிக்கி, சதைக்குள்ள இல்ல. கடல் மீனுக்கு உள்ளயே உப்பு இருக்கும்." ஒரு முள்ளுகூட மிச்சம் வெக்காம நக்கிச் சுத்தம் பண்ணி வெச்சிருந்தாரு. என்ற வீட்டுக்காரரு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. எனக்கு அதுவே போதுமாயிருந்துச்சு.

மத்தியானம் சத்தி ரோட்டுல ஒரு ஓட்டு வீட்டு மெஸ்ஸு. மொத நாளே சொல்லியிருந்தோம். வெடக்கோழிச் சாறும், வெதையில்லாத மொளகாய் போட்ட வறுவலும். விறகடுப்பு அக்கா சொன்னதால மொதல்ல ரசத்தைக் குடிச்சுப் பாத்தேன், கொள்ளு வாசம் தூக்குச்சு. கடைசியில சந்தகையும் தேங்காய்ப்பாலும், கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை தூவிக் குடுத்தாங்க. பழனிக்குப் பஞ்சாமிர்தத்துக்கு இந்தச் சக்கரை போகுதுன்னு சொன்னதும் அத்தை இன்னும் ஒரு ஸ்பூன் கேட்டு வாங்குனாங்க. மெஸ்ஸோட பேரை இங்க எழுதலாமான்னு அந்தம்மாகிட்டக் கேட்டேன். "வேண்டாஞ்சாமி, நாலு பேருக்கு மேல வந்தா என்னால ஒழுங்கா ஆக்க முடியாது"ன்னுட்டாங்க. அதனால எழுதல, கோவிச்சுக்காதீங்க. கக்கூசு சுத்தமா இருந்துச்சு. நொய்யல்கரை, போன்ல கேட்டதுக்கு அவங்க சந்தோசந்தான் பட்டாங்க.

கூடுதுறையில வெயில் நெம்ப எச்சு, சாமி கும்புட்டுட்டுச் சீக்கிரம் திரும்பிட்டோம். வர்ற வழியில பனமரத்தடியில தெளுவு வித்துட்டு இருந்தாங்க. "தெளுவா? அது என்ன?"ன்னு கேட்டு ஒரு வாய் குடிச்ச மாமா, "பயினில்லா இது!"ன்னாரு. ரெண்டும் பதநீர்தான். ஊருக்குப் போற வரைக்கும் அவரும் என்ற பையனும் தெளுவு, பயினின்னு மாத்தி மாத்திச் சொல்லிட்டே இருந்தாங்க.

அன்னைக்கு ராத்திரி அரிசியும் பருப்பும். எங்கம்மா மனசில்லாமத்தான் ஆக்குனாங்க, கூடவே கொள்ளையும் கடைஞ்சு வெச்சாங்க. எல்லாரும் ஆசாரத்துல (முன்கூடத்துல) தரையில ஒக்காந்தோம். அத்தை கொள்ளுப் பருப்பை வழிச்சு வாயில வெச்சுட்டு நிமிந்து எங்கம்மாவைப் பாத்தாங்க. "ஏம்மா, இது காணம்லா? எங்க வீட்ல தொவையலு அரைப்போம். இப்படிக் கடைஞ்சு நான் தின்னதே இல்லையே"ன்னாங்க. அம்மாவுக்கு மொகமே மாறிருச்சு. ரெண்டு பேரும் அடுப்படிக்குப் போயிட்டாங்க. கொள்ளை எத்தனை நேரம் வறுக்கணும், மண்சட்டியில கடையறதா, மிக்சியில போடறதான்னு பத்து மணி வரைக்கும் பேச்சு. ஆறு வருசத்துல அவங்க ரெண்டு பேரும் இத்தனை நேரம் பேசி நான் பாத்ததில்ல.

மூணாம் நாள் பூலாம்பட்டிக்குப் போகல. அத்தை எங்கயும் வேண்டாம்னுட்டாங்க. வாய்க்கால் மேட்டுல கட்டல் போட்டு ஒக்காந்து, அம்மாவுக்குக் காணத் தொவையல் அரைச்சுக் காட்டுனாங்க. மேட்டூர் அண்ணா, அந்தப் படகு பாக்கியிருக்குது.


விறகடுப்பு | திங்கள் இரவு 10:50

கண்ணு, அந்தத் தொவையலுக்குப் புளி வெச்சாங்களா, தேங்காய் வெச்சாங்களா? விவரமா எழுது. நாளைக்கே அரைச்சுப் பாக்கறேன்.


தடப்பள்ளி | திங்கள் இரவு 11:05

ரெண்டுமே வெச்சாங்கக்கா. காணத்தை வெறுஞ்சட்டியில செவக்க வறுத்து, வரமொளகாய், பூண்டு ரெண்டு பல்லு, சுண்டக்காயளவு புளி, ஒரு கை தேங்காய். தண்ணி தெளிச்சுக் கெட்டியா, கொரகொரன்னு அரைச்சாங்க. அம்மியில.